கேட்டவர் யார்?

1635ஆம் ஆண்டு. வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனிஃபி என்ற வணிகர் அரசாங்கத்திடம் நிலம் கேட்கிறார். அங்கே அப்போது ஒரு ஏற்பாடு இருந்தது. கடல் தாண்டி ஒரு ஆளைத் தன் செலவில் கொண்டுவருபவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். எத்தனை தலை என்று காட்ட, பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். மெனிஃபியின் பட்டியலில் ஒரு பெயர் டோனி. அதன் பக்கத்தில் 'கிழக்கிந்தியன்' என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

அமெரிக்க மண்ணில் வந்திறங்கிய இந்தியர்களில் எழுத்தில் பதிவான முதல் ஆள் இவர்தான் என்று கருதுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மதராஸில் கோட்டை கட்ட இடம் வாங்கியது 1639இல். அதாவது சென்னை என்று ஓர் ஊர் உருவாவதற்கு முன்பே, நம் பக்கத்து ஆள் ஒருவர் அமெரிக்காவில் யாருடைய நிலத்திலோ வேலை செய்துகொண்டிருந்தார். நம் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? சோழமண்டலக் கரையா, மலபாரா, வங்காளமா? காகிதத்தில் இல்லை. டோனி என்பது பெற்ற தாய் கூப்பிட்ட பெயராக இருக்குமா? அதற்கும் வாய்ப்பு குறைவு. ஊர், தாய், மொழி எதுவும் அந்தப் பட்டியலுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு தலை. அந்தத் தலைக்கு 50 ஏக்கர் கிடைக்கும் என்பதால் மட்டுமே டோனி இன்று நமக்குத் தெரிகிறார்.

முன்னோரைத் தேடுவது பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் இந்த 50 ஏக்கரிலிருந்துதான் தொடங்குகிறேன். ஒரு மனிதரைப் பற்றி யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் எழுதியவருக்கு அதனால் ஏதோ ஆகவேண்டியிருந்தது. வரி, கூலி, நிலம், சிறை, ஓய்வூதியம், ஏதோ ஒன்று. சும்மா யாரும் யாரையும் எழுதி வைப்பதில்லை.

*

அமெரிக்காவில் வம்சாவளி தேடுவது பெரிய விஷயம். இதற்கென்றே பாஸ்டனில் 1845இல் ஒரு சங்கம் தொடங்கி இன்னும் நடத்துகிறார்கள். 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளின் வாரிசுகளுக்கு 1897இலிருந்து தனிச் சங்கம். அதில் உறுப்பினராக வேண்டுமானால் உங்களிலிருந்து அந்தக் கப்பல் பயணிவரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு என்று காகிதம் காட்ட வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று தலைமுறைக்கும் காட்டுகிறார்கள்! நியூ இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்களில்கூட 1600களிலேயே பிறப்பு இறப்பை எழுதினார்கள், உயில் எழுதினார்கள், நிலப் பத்திரம் பதிந்தார்கள். ஒரு குடும்பத்தின் முதல் ஆள் எந்த ஆண்டு வந்தார், எத்தனை மாடு வைத்திருந்தார், சாகும்போது எந்த மகனுக்கு எந்தக் கட்டிலைக் கொடுத்தார் என்பதுவரை சில குடும்பங்களுக்குத் தெரியும்.

அதே நாட்டில், அதே பதிவேடுகளில், கறுப்பினக் குடும்பங்களின் தேடல் 1870இல் முட்டி நிற்கிறது. அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். அதில் உரிமையாளர் பெயர் இருக்கும். அடிமையின் வயது, பால், நிறம் இருக்கும். பெயர் இருக்காது. வம்சாவளி தேடுபவர்கள் இதை '1870 சுவர்' என்பார்கள். கட்டில் யாருக்குப் போனது என்று தெரிந்த குடும்பமும், கொள்ளுப்பாட்டியின் பெயரே தெரியாத குடும்பமும் ஒரே ஊரில், அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன.

இன்னொரு விஷயம். 1935இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதியவர்களுக்கு ஓய்வூதியம். ஆனால் வயதை நிரூபிக்கப் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பழைய கணக்கெடுப்பில் இவர் குழந்தையாக இருந்தாரா என்று தேட வேண்டியதாயிற்று. எழுத்தர்கள் பெயர்களை இஷ்டத்துக்கு எழுதியிருந்ததால், எழுத்தை விட்டுவிட்டு ஒலியை வைத்துத் தேட 'சவுண்டெக்ஸ்' என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். 1918இல் காப்புரிமை பெற்ற முறை அது. 1880 கணக்கெடுப்புக்கு அப்படி அட்டவணை தயாரித்தபோது பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் இருந்த வீடுகளை மட்டுமே சேர்த்தார்கள். ஓய்வூதியம் கேட்டு வரப்போவது அவர்கள்தானே. இன்று வம்சாவளி ஆர்வலர்கள் அந்த அட்டவணையில்தான் தங்கள் தாத்தாவின் அப்பாவைத் தேடுகிறார்கள். அரசு யாருக்கோ பணம் கொடுக்க வேண்டியிருந்ததால் பிறந்த கருவி அது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். இந்தக் கதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். ஒரு தரவுத்தளத்தில் என்னென்ன பத்திகள் இருக்கும் என்பதை அதில் எழுதப்படும் மனிதர்கள் ஒருபோதும் முடிவு செய்வதில்லை.

*

சரி, நம் ஊருக்கு வருவோம்.

தமிழர்களின் மேஃபிளவர் என்று ஒரு கப்பலைச் சொல்ல முடியுமா? தென்னாப்பிரிக்காக்காரர்களைக் கேட்டால் 'ட்ரூரோ' என்பார்கள். மதராஸிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்த கப்பல். அதில் வந்தவர்கள் 342 பேர். அன்று தொடங்கி 1911வரை நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு மதராஸிலிருந்து, மீதி கல்கத்தாவிலிருந்து. எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தத்தில், எந்தத் தோட்டத்துக்கு எந்த எண் போயிற்று, எந்த எண் ஓடிப்போயிற்று, எந்த எண் செத்தது என்று தெரிய வேண்டுமே.

அந்தக் கப்பல் பட்டியல்களை வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் கணினியில் ஏற்றினார்கள். சுரேந்திர பானா 1991இல் அவற்றை வைத்து ஒரு முழு நூலே எழுதினார். பத்திகளைப் பாருங்கள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம்.

இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு என் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. நம் எல்லோரிடமும் இருக்கும். தகப்பன் பெயர், சாதி, அங்க அடையாளம் இரண்டு. 'வலது முழங்கையில் ஒரு மச்சம்.' வாத்தியார் சட்டையைத் தூக்கச் சொல்லி மச்சம் தேடிய அந்த நாள் பலருக்கும் ஞாபகம் இருக்கும். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய அட்டவணையும் ஆறாம் வகுப்புக்கு ஆள் அனுப்பிய அட்டவணையும் ஏன் இவ்வளவு ஒன்றுபோல இருக்கின்றன? இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. இந்த ஆள் தொலைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

*

மத்தூர் என்று என் பெயருக்குக் கீழே போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு டர்பனிலிருந்து ஒரு அம்மா எனக்கு மின்னஞ்சல் எழுதினார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கடிதம் முழுக்க ஆங்கிலம், 'தாத்தா' என்ற சொல் மட்டும் தமிழ். அவருடைய தாத்தாவின் தாத்தா 1870களின் பிற்பகுதியில் கப்பலேறியவர். பதிவேட்டுப் பக்கத்தின் நகலை இணைத்திருந்தார். வயது 22. உயரம் ஐந்தடி நாலு அங்குலம். இடது முழங்காலில் தழும்பு. ஜில்லா சேலம். தாலுகா இருந்த இடத்தில் மை பரவியிருந்தது. கிராமம், ஆங்கில எழுத்தில், 'முட்டூர்' என்று படிக்கலாம், 'மாத்தூர்' என்றும் படிக்கலாம். அது எங்கள் மத்தூரா என்பது அவர் கேள்வி.

வாய்ப்பு இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் வந்தது. அதற்கு முன் தர்மபுரி, 1965க்கு முன் சேலம். 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போன பாராமகால்தான் இந்தப் பகுதி. 1876 முதல் 1878வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவை உலுக்கியெடுத்தது. 1871இல் சுமார் 19.6 லட்சமாக இருந்த ஜில்லாவின் மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சம். பத்து வருடத்தில் கூட வேண்டிய கணக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. பெரும்பாலும் சாவு. கொஞ்சம் பேர் கண்டிக்கு, கொஞ்சம் பேர் கப்பலுக்கு. 22 வயதில் ஒரு பையன் மதராஸ் டிப்போவுக்கு நடந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் எந்த மத்தூர்? விளையாட்டாக அந்தப் பெயரை சவுண்டெக்ஸில் போட்டுப் பார்த்தேன். உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை அது. மத்தூருக்கு எம்360 வந்தது. முத்தூருக்கும் எம்360. மாத்தூருக்கும். மேட்டூருக்கும். மதுரைக்கும் அதேதான். அமெரிக்கப் பெயர்களுக்காகச் செய்த கருவி, நம் ஊர்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது.

கருவி கைவிட்டால் மனிதர்கள்தானே. ஊத்தங்கரை சாலையில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஊர்க்கதை எல்லாம் தெரிந்தவர். அவர் முதலில் கேட்டது, "இன்னா ஆளுங்கப்பா அவங்க?"

"தென்னாப்பிரிக்கா, பெரியப்பா."

"அது சரிப்பா. இங்க இருந்தப்ப இன்னா ஆளுங்க? எந்தத் தெருன்னு தெரிஞ்சாத்தான கேக்க முடியும்?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருடைய தேடுபொறி அப்படித்தான் வேலை செய்யும். ஊரில் யாரையும் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் தெரு, அப்புறம் வீடு, அப்புறம் பட்டப்பெயர். கப்பல் பட்டியலில் சாதிப் பத்தி போட்ட வெள்ளைக்கார எழுத்தருக்கும் இவருக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் எழுத்தருக்கு அந்தப் பத்தியை நிரப்பக் கற்றுக்கொடுத்ததே நம் ஆட்கள்தான்.

"கண்டிக்குப் போனவங்கள எனக்குத் தெரியும். பினாங்குக்குப் போனவங்களயும் சொல்லுவாங்க. இது எங்க தாத்தாவுக்கும் முந்தி. யாருக்குத் தெரியும்?" என்றார். பிறகு ஒன்று கேட்டார். "ஏம்பா, உன் பூட்டன் பேரு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அப்பாவுக்குத் தாத்தாவின் பெயர் தெரியும். அதற்கு மேலே ஏறினால் வெறும் சாமி பெயர்தான். எங்கள் வீட்டில் பட்டா என்று ஒரு காகிதம் முதன்முதலில் வந்ததே அப்பா காலத்தில். நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் சிட்டாவும் அடங்கலும். அப்பாவின் பிறந்தநாளே ஜூன் மாதத்தில் இருப்பது, பள்ளியில் சேர்த்த வாத்தியார் வயதுக்குப் பொருத்தமாக ஒரு தேதியைப் போட்டதால்தான். அந்தத் தலைமுறையில் ஊரில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்த அம்மாவுக்குத் தன் தாத்தாவின் தாத்தாவுடைய முழங்கால் தழும்பு தெரியும். ஊரைவிட்டு நகராத எனக்கு என் பூட்டனின் பெயர் தெரியாது. கட்டுப்பட்டுப் போனவருக்குக் காகிதம் உண்டு. இங்கேயே பண்ணையில் கட்டுப்பட்டுக் கிடந்தவருக்கு அதுவும் இல்லை. என் பூட்டனால் யாருக்கும் 50 ஏக்கர் கிடைத்திருக்காது, அதனால் அவரை யாரும் எழுதவில்லை.

*

உண்மையான சிக்கல் அந்த அம்மாவின் இரண்டாவது கேள்வியில் இருந்தது. சாதிப் பத்தியில் ஒரு சொல் இருந்தது. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தார்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் குடும்பப் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு, படையாச்சி. கவுண்டர்தான் கோவெண்டர், முதலியார்தான் மூட்லி. அங்கே போன எல்லோரும் இந்தச் சாதிகள்தானா? இல்லை. கப்பல் பட்டியல்களில் இருக்கும் சாதிக் கணக்கும் பின்னாளில் வந்த குடும்பப் பெயர்களும் ஒத்துப்போவதில்லை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தபின், புதிய நாட்டில், பெயர் என்ன என்று யாரோ கேட்டபோது சிலர் வேறு பதில் சொன்னார்கள். அந்த அம்மாவின் குடும்பப் பெயர் அப்படிப்பட்டது. பட்டியலில் இருந்த சொல் வேறு. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குரியவர்களை இன்றைக்கும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஊருக்கு வெளியே தனியாக வைத்திருக்கிறார்கள்.

சொல்வதா, வேண்டாமா? பல நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

சொல்லாமல் விட ஒரு நல்ல காரணம் இருந்தது. 22 வயதுப் பையன் ஒருவன் கடல் தாண்டிப் போய் கரும்பு வெட்டி, ஐந்து வருடத்தை எண்ணித் தீர்த்துவிட்டு, தனக்கென்று செய்த முதல் முடிவு ஒருவேளை அந்தப் பெயராக இருக்கலாம். அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தான். நான்கு தலைமுறை அதைச் சுமந்து வாழ்ந்துவிட்டது. இன்று நான் மத்தூரில் உட்கார்ந்துகொண்டு, 'அம்மா, உங்கள் பாட்டன் சொன்னது பொய், எழுத்தர் எழுதியதுதான் நிஜம்' என்று சொன்னால், அவன் தப்பித்து வந்த இடத்துக்கே அவனை மறுபடி பிடித்துக் கொடுப்பதுபோல் ஆகாதா? செத்தவர்களுக்கு அந்தரங்கம் உண்டா என்று சட்டம் படித்தவர்கள் விவாதிப்பார்கள். ஊரைவிட்டு ஓடியவனுக்கு மறந்துபோக உரிமை உண்டு என்றுதான் எனக்குத் தோன்றியது.

சொல்ல வேண்டும் என்பதற்கும் காரணம் இருந்தது. அந்தச் சொல்லை நான் மறைத்தால் என்ன அர்த்தம்? அது மறைக்க வேண்டிய சொல் என்று நானே ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தம். பிள்ளை என்றோ நாயுடு என்றோ இருந்திருந்தால் மறுநாளே விளக்கம் எழுதி அனுப்பியிருப்பேன். அதை மட்டும் சொல்லி இதை மட்டும் மறைப்பது இரக்கம் இல்லை. டீக்கடை வாசலில் தனி டம்ளர் வைத்தவர்களும் தங்களை நாகரிகமானவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள். அதோடு, கேட்டவர் குழந்தை இல்லை. தன் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். அவருக்கு எதைத் தாங்க முடியும் என்று முடிவு செய்ய நான் யார்?

இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கத்திலும் நான் ஒன்றைக் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டிருந்தேன். பட்டியலில் இருப்பது உண்மை, குடும்பப் பெயர் புனைவு. அது அப்படித்தான் என்று யார் சொன்னது?

மதராஸ் டிப்போவில் என்ன நடந்தது என்று பாருங்கள். தோட்டக்காரர்களுக்கு வேண்டியது மண்வெட்டி பிடித்துப் பழகிய ஆள். ஆள்பிடிக்கும் ஏஜெண்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. படித்தவன், வேலைக்கு வணங்காத சாதி என்று தெரிந்தால் கழித்துவிடுவார்கள் என்பதால், 'இப்படிச் சொல்லு' என்று சொல்லிக்கொடுப்பதும் உண்டு. பஞ்சத்தில் இருந்து வந்தவன் சோறு கிடைக்கும் பதிலைச் சொல்வான். வீட்டிலிருந்து ஓடிவந்தவன் தகப்பன் பெயரை மாற்றுவான். எழுத்தருக்குத் தமிழ் அரைகுறை. இத்தனைக்கும் நடுவில் விழுந்த ஒரு சொல்தான் அந்தப் பத்தியில் இருக்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காகிதத்தில் இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. டிப்போவில் ஒருவர் கேட்டார், ஒரு பதில். டர்பனில் இன்னொருவர் கேட்டார், இன்னொரு பதில். இரண்டுமே அதிகாரம் உள்ள ஒருவர் கேட்டபோது அதிகாரம் இல்லாத ஒருவர் சொன்னவை. பதிவேட்டில் பதில் மட்டும் தங்குகிறது. கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார், தப்பான பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதெல்லாம் பத்திகளில் இல்லை.

கயூத்ரா பஹதூர் என்ற கயானா வம்சாவளி அமெரிக்கப் பத்திரிகையாளர் 2013இல் எழுதிய 'கூலி உமன்' இந்த இடத்தில் எனக்கு உதவியது. அவருடைய கொள்ளுப்பாட்டி 1903இல் கல்கத்தாவிலிருந்து 'க்ளைட்' என்ற கப்பலில் கயானாவுக்குப் போனவர். தனியாக, வயிற்றில் பிள்ளையோடு. புருஷன் யார்? ஓடிவந்தாரா, துரத்தினார்களா, ஏமாற்றினார்களா? பஹதூர் பீகார் கிராமம்வரை போகிறார், மூன்று கண்டங்களின் ஆவணக்காப்பகங்களைப் புரட்டுகிறார். கிடைத்ததைச் சொல்கிறார். கிடைக்காத இடத்தில் கேள்வியைக் கேள்வியாகவே விட்டுவிடுகிறார். கொள்ளுப்பாட்டியைப் பத்தினியாக்கவோ புரட்சிக்காரியாக்கவோ அவர் அவசரப்படவில்லை. தேடிப் போகிறவர்களுக்கு அந்தப் பொறுமை வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

இதெல்லாம் வெறும் குடும்பக் கதை, பொழுதுபோக்கு என்று நினைத்தால், ஒரு தடவை இலங்கை மலையகத்தைப் பார்க்க வேண்டும்.

1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களிடம் முன்னோரைக் கேட்டது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே அங்கே பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், எட்டுக்குப் பத்து அறையில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை சட்டப்படி முடிய 2003 ஆயிற்று. மேஃபிளவர் சங்கத்தில் காகிதம் இல்லையென்றால் உறுப்பினர் அட்டை கிடைக்காது, அவ்வளவுதான். ஹட்டனில் காகிதம் இல்லையென்றால் நாடு கிடைக்காது.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2024 மார்ச்சில் மொரீஷியஸ் போன இந்தியக் குடியரசுத் தலைவர், அங்குள்ள ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினருக்கும் ஓசிஐ அட்டை கிடைக்கும் என்று அறிவித்தார். அதற்கும் முன்னோரின் காகிதம் வேண்டும். ஒரு காலத்தில் ஆளைக் கட்டிவைக்கப் போட்ட எண், இன்னொரு காலத்தில் ஆளை வெளியே தள்ள உதவிய கேள்வி, இன்று வரவேற்பு அட்டை. காகிதம் அதே காகிதம்தான், கேட்பவர் மாறிக்கொண்டே இருக்கிறார்.

*

இதை எழுதும்போது எனக்கு என் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓசூரிலும் பர்கூரிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் பதிவு செய்யும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். காலையில் மத்தூர் வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் நம் ஊர்ப் பெண்பிள்ளைகளும் போகிறார்கள். எல்லோருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், நிரந்தர முகவரி, கைரேகை, முகப்படம். அடையாளக் குறி கேட்கும் பத்தியைக் கைரேகை தின்றுவிட்டது. ஏஜெண்ட் பெயருக்கு ஒரு பத்தி உண்டு, ஏனென்றால் அவருக்குக் கமிஷன் போக வேண்டும்.

ஊர்ப் பெயர் எழுத்துப்பிழையோடுதான் வருகிறது. பதிவு செய்கிற பையனுக்கு ஒடியா தெரியாது, வந்தவனுக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் நடுவில் அரைகுறை இந்தி. 'ஏன் வந்தாய்?' என்ற பத்தி கிடையாது. 'யாரிடம் சொல்லிவிட்டு வந்தாய்?' என்ற பத்தியும் கிடையாது. அப்படி ஒரு பத்தி வேண்டும் என்று நான் கேட்கப் போவதும் இல்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் இன்னும் ஒரு பதில் சொல்லியாக வேண்டிய நிலைமைக்கு அந்தப் பிள்ளையைத்தான் தள்ளுவோம். சாதிப் பத்தி ஒன்று சேர்க்க முடியுமா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது, அதற்கு என்ன பயன் என்று எழுத்தில் தரச் சொன்னேன். வரவில்லை. அந்தப் பத்தி இல்லாமலே மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. நூறு வருடம் கழித்து யாராவது ஒரு கொள்ளுப்பேத்தி இந்தத் தரவைத் தோண்டினால், அவளுடைய பாட்டன் ஓசூரில் சொல்ல வேண்டியிராத ஒரு பதில் அதில் இருக்காது. முன்னோருக்கு நாம் செய்யக்கூடியது குறைவு. எதிர்காலத்தில் யாருக்கோ முன்னோராகப் போகிறவர்கள் இப்போது நம் பஸ்ஸில்தான் போகிறார்கள்.

டர்பன் அம்மாவுக்குக் கடைசியில் பதில் எழுதினேன். இது எங்கள் மத்தூராக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல வழியில்லை என்று எழுதினேன். தாது வருஷத்தைப் பற்றி எழுதினேன். அந்தச் சொல் என்ன சொல், இன்றைக்கு அந்த மக்கள் இங்கே எப்படி வாழ்கிறார்கள், எவற்றுக்காகப் போராடுகிறார்கள் என்று எதையும் குறைக்காமல் எழுதினேன். பிறகு டிப்போவில் எப்படிக் கேட்டார்கள், எப்படிப் பதில் சொன்னார்கள் என்பதையும் எழுதினேன். உங்கள் குடும்பப் பெயர் பொய் என்றோ பட்டியல் பொய் என்றோ நான் சொல்லவில்லை, இரண்டையும் அவர்தான் சொல்லியிருக்கிறார் என்று முடித்தேன்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு படம் வந்தது. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக அவர் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து கையால் வரைந்த குடும்ப மரம். அடியில் அந்தப் பையனின் பெயர். பெயருக்குப் பக்கத்தில் குடும்பப் பெயரும் இருந்தது, பட்டியலில் இருந்த சொல்லும் இருந்தது. இரண்டுக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒவ்வொரு குறிப்பு. குடும்பப் பெயருக்குக் கீழே 'டர்பனில் கேட்டபோது' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்குக் கீழே 'மதராஸில் கேட்டபோது' என்று.